கோட்டிலிருந்து ஒரு அரிசி தள்ளி

கரண்ட் போனதும் தனிஸ்லாஸுக்கு முதலில் வந்தது பயம். இருட்டுக்குப் பயப்படும் ஆளில்லை, மணி காலை பதினொன்று, வெளியே வெயில் கொளுத்துகிறது. ஃபேன் நின்றுவிட்டதே என்றுதான் பயம். பத்து நாளாக அந்தப் பழைய ஃபேனின் கடகடப்புக்குள் ஒளிந்துகொண்டுதான் அவர் கிதார் வாசித்துக்கொண்டிருந்தார். மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் விடுவான், நேற்றே பேப்பரில் போட்டிருந்தது, அடைக்கலமேரி அதை வாசித்துக்கூடக் காட்டினாள், "நாளைக்குக் கரண்ட் இல்லையாம், மறக்காம தண்ணி ஏத்தி வச்சிருங்க" என்று. தண்ணீரை ஏற்றினார். ஃபேனை யோசிக்கவில்லை. இத்தனைக்கும் முப்பத்தாறு வருஷம் பாய்லர் பட்டறையில் ஃபிட்டராக இருந்த மனுஷர், எதை எடுத்தாலும் முன்யோசனை முன்யோசனை என்று பேசுகிறவர். இப்போது வீடு மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் தூளிக் கொக்கி கிரீச், கிரீச் என்று போய்வருவதும், அதன்மேல் மகள் ரெனிட்டாவின் குரலும் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் கேட்டன. அங்கே பாடுவது இங்கே இவ்வளவு சுத்தமாகக் கேட்டால், இங்கே வாசிப்பது அங்கே கேட்காமலா இருக்கும்? மடியில் கிதார். இடதுகை நடுவிரல் மூன்றாவது தந்தியில் வைத்தது வைத்தபடி நிற்கிறது. எடுத்தால் தந்தி சின்னதாக ஒரு முனகு முனகும். அதுகூட வேண்டாம் என்று அப்படியே உட்கார்ந்திருந்தார். கழுத்தோரம் வியர்வை இறங்கியது, துடைக்கவில்லை. சாம்பிராணிப் புகை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது, பிள்ளையைக் குளிப்பாட்டிப் புகை காட்டி இப்போதுதான் தூளியில் போட்டிருக்கிறாள். அடைக்கலமேரி கடைவீதிக்குப் போயிருக்கிறாள். வீட்டில் மூன்றே ஜீவன், அதில் ஒன்றுக்கு மூன்று மாசம்.

அவள் பாடுகிறாள். பாட்டு என்றால் பெரிய பாட்டொன்றுமில்லை, வாய்க்கு வந்ததைக் கோத்துக்கொள்கிறாள். "காக்கா போச்சு, கரண்டும் போச்சு, உன் கண்ணு மட்டும் ஏன்டா முழிச்சிருக்கு." கரண்டு இப்போதுதான் போனது, அதற்குள் பாட்டில் சேர்த்துவிட்டாளே, குறும்புக்காரி. பன்னிரண்டு வயசு வரைக்கும் இப்படித்தான் இருந்தாள், சோற்றுக்கு ஒரு பாட்டு, செருப்புக்கு ஒரு பாட்டு. அப்புறம் பதினேழு வருஷம் அப்பா காதுபட ஒரு வரி பாடியதில்லை. காலேஜில் பாடினாளா, புருஷன் வீட்டில் பாடுகிறாளா, அதெல்லாம் அவருக்குத் தெரியாது, கேட்கவும் தைரியமில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்த இடத்தில், பிள்ளை பிறந்த பிறகு, ஒருநாள் பகலில் இந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தபோது ரேடியோ என்று நினைத்தார். எழுந்து போய்ப் பார்த்தார். அவர் தலை தெரிந்ததும் பாட்டு நின்றது. "என்னப்பா, ஏதாவது வேணுமா?" என்றாள் மரியாதையாக. அந்த மரியாதை இருக்கிறதே, அதற்குப் பதிலாக அவள் நாலு திட்டு திட்டியிருக்கலாம். ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிவிட்டார், அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போகிறார்கள். இன்று வியாழன். நடுவில் ரெண்டே நாள். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை: அவள் பாட வேண்டும், தான் வாசிக்க வேண்டும், வாசிப்பது அப்பாதான் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் அவள் நிறுத்தக் கூடாது. முதல் மூன்றையும் எப்படியாவது செய்துவிடலாம். நாலாவதுதான் அவர் கையில் இல்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு நாள் தள்ளிப்போட்டிருக்கலாம்.

மடியில் இருப்பது சாதாரணக் கிதாரும் இல்லை. கிதாருக்குக் கழுத்தில் குறுக்கே இருபது கம்பித்துண்டு பதித்திருக்கும், ஃப்ரெட் என்பார்கள். ரெண்டு கம்பிக்கு நடுவில் எங்கே விரலை அமுக்கினாலும் சுருதி சரியாகத்தான் வரும், குடிகாரன் அமுக்கினாலும் வரும். சுருதியைக் கம்பி பார்த்துக்கொள்ளும், நாம் சும்மா விரலைக் கொண்டுபோய் வைத்தால் போதும். நாற்பது வருஷம் கோயில் பாடகர் குழுவில் அந்தக் கம்பியை நம்பித்தான் அவர் பேர் வாங்கினார். கம்பி தேய்ந்துபோனதால் போன வருஷம் மாற்றிவிடலாம் என்று சால்டரிங் அயர்னால் சூடு காட்டி, குறடால் ஒவ்வொன்றாகக் கழற்றினார். இருபதும் வந்துவிட்டது. புதுக் கம்பி மேஜைமேல் தயாராக இருந்தது. வெறும் பலகையைத் துடைக்கும்போது விளையாட்டாக ஒரு விரலை வைத்து, தந்தியை மீட்டி, விரலை மேலே இழுத்தார். சுரம் கூடவே வந்தது. ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு நாற்பது வருஷமாகப் படியேறிப் போய்வந்தவர், நடுவிலேயும் தரை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தார். உடம்பு சிலிர்த்துவிட்டது. புதுக் கம்பி மேஜைமேலேயே கிடந்தது, பிறகு டிராயருக்குள் போனது. பள்ளங்களை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தார், கம்பி இருந்த இடத்தில் வெளிர்க்கோடு மட்டும் தெரிந்தது. "நல்லா இருந்த கிதாருக்குப் பல்லைப் புடுங்கிப் பொக்கைவாயா ஆக்கிட்டீங்களே, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள் அடைக்கலமேரி. வேறு வேலை இல்லைதான், ரிட்டயர் ஆன ஆள். ஆனால் அந்தப் பொக்கைவாய் அவரைப் படுத்தின பாடு அவருக்குத்தான் தெரியும். மூன்று நாலு சுரத்தைச் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக அடிப்பதுதானே கிதாரின் பிழைப்பு, அது போயே போச்சு. மூன்று விரலை வைத்தால் மூன்றும் மூன்று பக்கம் சண்டை போடும். ஒற்றைத் தந்தி, ஒற்றை விரல், அதுவும் நைலான் தந்தியில் சத்தம் பிறந்ததும் செத்துப்போகும். எங்கே வைத்தாலும் சுருதி ஒரு துளி இறங்கித்தான் வந்தது. தந்தியைக் குறை சொன்னார், பலகையைக் குறை சொன்னார், எல்லாத் தந்தியையும் ஏற்றிக் கட்டிப் பார்த்தார், அப்போது விரல் வைக்காத தந்தி கத்தியது. ரெண்டு மாசம் ஆனது பிடிபட. கம்பி இருக்கும்போது விரலைக் கம்பிக்குக் கொஞ்சம் பின்னால்தான் வைக்க வேண்டும், அதுதான் பழக்கம். இங்கே கம்பி இல்லை, விரல்தான் கம்பி, விரலே கோட்டின்மேல் உட்கார வேண்டும். நாற்பது வருஷப் பழக்கத்தில் விரல் கோட்டிலிருந்து ஒரு அரிசி தள்ளியே போய் நின்றிருக்கிறது. இல்லாத கம்பிக்கு மரியாதை கொடுத்திருக்கிறது. தெரிந்த அன்று தனியாக உட்கார்ந்து சிரித்தார்.

சிரிப்பு அன்றோடு சரி. போன வாரம் இந்தச் சுவரில் காதை வைத்துக்கொண்டு அவள் பாட்டைத் தேடும்போது, ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டார். "முழிச்சிருக்கு" என்று அவள் ஏறி நிற்கிற சுரம். கோட்டின்மேல் விரலை வைத்தால் அது அவள் குரலோடு உரசியது. அரிசியளவு பின்னால் இழுத்தால் போய் ஒட்டிக்கொண்டது. அப்படி ஒட்டியது, எது தந்தி எது தொண்டை என்று பிரிக்க முடியவில்லை. மறுநாளும் அதே இடம். அதற்கு மறுநாளும். ஃபிட்டர் மூளை உடனே கணக்குப் போட்டது: தப்பு என்றால் அலையும், ஒருநாள் இப்படி ஒருநாள் அப்படி. பத்துத் தடவை அளந்து பத்துத் தடவையும் ஒரே இடத்தில் நின்றால் அதற்குப் பேர் தப்பில்லை, அதுதான் அதன் அளவு. அப்படியானால் அன்றைக்கு? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முள்ளில் மாட்டிய வேட்டி மாதிரி நின்றுவிடுகிறது. பங்குத் திருவிழா, காலைப் பூசை, காணிக்கைப் பாட்டு. பன்னிரண்டு வயசு ரெனிட்டா வெள்ளை கவுனில் மைக் முன்னால், முதல் தடவையாகத் தனியாக. ரெண்டாவது வரியின் முடிவில் ஏறி நிற்க வேண்டிய சுரத்துக்கு ஒரு துளி கீழே நின்றாள். நின்றாளா? அவர் காதுக்கு அப்படித்தான் கேட்டது. வாசிப்பை நிறுத்தி, மெதுவாகத்தான், "சுருதி, சுருதி, இங்க புடி" என்று அந்தச் சுரத்தை ரெண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பாடகர் குழுப் பெண்கள் கைகொடுத்துப் பாட்டை முடித்துவிட்டார்கள், பூசைக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்து, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது, சுருதி காட்டும் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்து அவளைப் பாடச்சொன்னார். "முள்ளு இடதுபக்கமே நிக்குது பாரு, நான் சொல்லல, மிஷின் சொல்லுது." அவள் முள்ளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவள்தான். அதற்கப்புறம் நாலு பேரிடம் இதைப் பெருமையாக வேறு சொல்லியிருக்கிறார், பெற்ற பிள்ளை என்றாலும் எனக்குச் சுருதி சுருதிதான் என்று. "தனிஸ்லாஸுக்குப் பாம்புக் காதுப்பா" என்றார்கள். பாம்புக் காது! ரிட்டயர் ஆகும்போது டாக்டர் சோதித்துவிட்டு இடது காதில் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார். எப்போதிருந்து குறைந்தது? அன்றைக்கே குறைந்திருந்தால்? அன்றைக்கு ரெனி நின்றது அவருக்கு இடது பக்கமா, வலது பக்கமா? வலது பக்கம். இல்லை, தூண் வலது பக்கம், இவள் தூணுக்கு எதிரே. இடது. மறுபடியும் கோயிலுக்குள் நுழைந்து, தூணை நட்டு, அவளை நிறுத்தி, கிதாரைத் தோளில் மாட்டிப் பார்த்தார். இடதா வலதா என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது? அது காதின் குற்றமாக இருந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று ஒரு ஆசை, அவ்வளவுதான், கேவலமான ஆசை.

மதுரைப் பக்கம் போகிற ரயில் ஒன்று நீளமாக ஊதியது. அந்தச் சத்தத்தின் மறைவில் விரலைத் தூக்கினார், முனகல் யாருக்கும் கேட்டிருக்காது. கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போய்விடலாம், கிதாரை மூலையில் சாத்திவிட்டுத் தெருமுனை வரை போய் ஒரு டீ குடிக்கலாம், இன்றைய பொழுது தப்பியது என்று இருக்கலாம். நாளைக்கு ஃபேன் ஓடும், நாளன்றைக்கும் ஓடும், ஞாயிற்றுக்கிழமை கார் வரும், அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு "வரேன்ப்பா" என்பாள், மரியாதையாக. ரயில் வரும்போது ஒரு சுருதி, எடமலைப்பட்டிப்புதூரைத் தாண்டியதும் வழுக்கி இறங்கி இன்னொன்று. அதற்கு எவன் முள் வைத்துப் பார்த்தான்? கடைசிப் பெட்டியும் போய்ச் சேர்ந்தது. ரெனி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், காக்கா போச்சு. பிள்ளை சிணுங்கிற்று. கரண்டும் போச்சு. வலதுகைக் கட்டைவிரல் தானாகத் தந்திக்குப் போனது. நகம் படாமல் சதையால் தொட்டார். தொட்டே விட்டார். அடப்பாவி, என்ன செய்கிறாய், என்று உள்ளே ஒருவன் அலறுகிறான், விரல் அவன் பேச்சைக் கேட்கவில்லை. உன் கண்ணு மட்டும் என்ற இடத்தில் அவள் நெளிந்து ஏறினாள், இவரும் கூடவே நெளிந்தார். கம்பி இருந்த காலத்தில் இந்த நெளிவுக்குக் கிதாரில் இடமே கிடையாது, ரெண்டு படியாக உடைத்துத்தான் போட்டிருப்பார். ஏன்டா என்ற இடத்தில் ஒரு மூச்சு விட்டாள், இவரும் விட்டார். முழிச்சிருக்கு. கோட்டுக்கு அரிசியளவு பின்னால் விரல் போய் உட்கார்ந்தது, ரெண்டு சத்தமும் ஒன்றாகிச் சுவரே இல்லை என்று ஆனது. கண் நிறைந்துவிட்டது அவருக்கு. ரெண்டாம் தடவை. மூன்றாம் தடவை அவள் சற்றே குரலை விட்டாள், இவருக்கும் தைரியம் வந்து கொஞ்சம் அழுத்தி மீட்டினார். பாட்டு நின்றது. கொக்கியும் நின்றது.

நின்றது. கட்டைவிரல் அந்தரத்தில் நிற்கிறது. கேட்டுவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு, இனி சேலம் போகும்வரை வாயைத் திறக்க மாட்டாள், பிள்ளைக்குக்கூடப் பாட மாட்டாள், அந்தப் பச்சைமண்ணின் பாட்டையும் பிடுங்கித் தின்றுவிட்டாய், உனக்கென்ன அவசரம், ஃபேன் வரும்வரை பொறுத்திருக்கக் கூடாதா, பன்னிரண்டு வயசில் ஒன்று, இருபத்தொன்பது வயசில் ஒன்று, ரெண்டு தடவை ஒரே பிள்ளையை. தெருவில் யாரோ சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கிறார்கள். கிதாரைக் கீழே வைக்கலாமா? வைத்தால் சத்தம் வரும். வைக்காவிட்டால் இப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அப்பா."

"என்னம்மா?" என்றார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"நீ நிறுத்திட்டியேம்மா."

"இவனுக்கு மூக்கு ஒழுகுச்சு, தொடச்சேன். அதுக்காக நீங்க ஏன் நிறுத்துறீங்க? பத்து நாளா ஃபேன் சத்தத்துல பாதிதான் கேக்குது, இன்னிக்குத்தான் ஒழுங்கா கேட்டுச்சு."

பத்து நாளாகவா! தனிஸ்லாஸுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. திருடன் மாதிரிப் பதுங்கினவனுக்கு வீட்டுக்காரி விளக்குப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஏதாவது சொல்ல வேண்டும், இப்போது விட்டால் கிடையாது. எழுந்து அந்த அறைக்குப் போக நினைத்தார், முகத்துக்கு நேரே சொல்ல முடியாது என்று தெரிந்தது, சுவரைப் பார்த்தே ஆரம்பித்தார். "ரெனி, அன்னிக்குத் திருவிழாப் பூசையில நீ பாடுனது தப்பே இல்லம்மா. இப்பத்தான் கண்டுபுடிச்சேன். அந்தச் சுரம் கம்பியில கெடையாது. கோட்டுலேருந்து ஒரு அரிசி தள்ளி இருக்கு. நீ இப்பவும் அங்கதான் நிக்கிற, தெனம் அங்கதான் நிக்கிற, நான் அளந்து பாத்தேன். மிஷினுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியல. ஃப்ரெட்டை எல்லாம் கழட்டினப்புறம்தான்..." எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. மரத்தூள், பசை, நைலான் தந்தி என்று வாய் உளறிற்று. அந்தப் பக்கம் கொக்கி மெதுவாக ஆட ஆரம்பித்திருந்தது. அவர் மூச்சு வாங்கி நிறுத்தியபோது அவள் சொன்னாள்.

"அன்னிக்கு எறங்கித்தான்ப்பா பாடினேன். எனக்கே கேட்டுச்சு. பயத்துல தொண்டை அடைச்சிருச்சு."

கொக்கி ரெண்டு தடவை போய்வந்தது.

"நீங்க வாசிச்சுக்கிட்டே இருந்திருந்தா எப்படியாவது புடிச்சு முடிச்சிருப்பேன். அவ்வளவு ஜனத்துக்கு முன்னால நீங்க கையை எடுத்துட்டீங்க. கிதாரே இல்லப்பா. நான் மட்டும் நிக்கிறேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நேற்று என்ன குழம்பு என்று கேட்டால் சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள். பதினேழு வருஷமாக அவர் அந்தச் சுரத்தையே துருவிக்கொண்டிருந்தார், மேலேயா கீழேயா, இடது காதா வலது காதா, முள்ளா அரிசியா என்று. கையை எடுத்ததை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அது ஒரு விஷயமாகவே அவருக்குப் பட்டதில்லை. நெஞ்சுக்குள் எதுவோ கழன்று விழுந்தாற்போல இருந்தது. "தப்புதாம்மா," என்றார்.

பிள்ளை அழ ஆரம்பித்தான். "பாத்தீங்களா, பேசியே முழிக்க வச்சாச்சு," என்றாள் ரெனி. "இருங்க, பாடுறேன். நான் எங்க போனாலும் வாங்க."

முன்பைவிட உயர்த்தி எடுத்துவிட்டாள், அழுகையை மீற வேண்டுமே. இவர் பழகி வைத்திருந்த இடம் எதுவும் இப்போது உதவாது. கோடும் உதவாது, அரிசியும் உதவாது. முதல் சுரம் தப்பாக விழுந்தது, அவருக்கே கூசிற்று. ரெண்டாவதும் தப்பு. நாற்பது வருஷத்துப் பழக்கம் கையை எடு எடு என்றது, எடுத்து, சரியான இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கு என்றது. அவர் எடுக்கவில்லை. தப்பிலேயே வழுக்கிக்கொண்டு அவள் பின்னால் போனார், சில இடத்தில் பிடித்தார், சில இடத்தில் தாண்டி விழுந்தார், அவள் சிரித்துக்கொண்டே பாடியது சுவர் வழியாகக் கேட்டது. பிள்ளை எப்போது தூங்கினான் என்று ரெண்டு பேருக்கும் தெரியாது.